ஜோடி சேராத கண்ணாடி

அந்தச் சேவைச் சங்கத்தில் மொத்தம் இருபத்தைந்து உறுப்பினர்கள். இருபத்து நான்கு பேர் ஊருக்கு நல்லது செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டுச் சேர்ந்தவர்கள். இருபத்தைந்தாவது ஆள், ஆள் குறைகிறதே என்பதற்காகச் சேர்க்கப்பட்டவள். இருபத்தைந்து பேர் இல்லாமல் சங்கத்தைப் பதிவு செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். சங்கத் தலைவர் ஒரு கண்ணாடிக் கடையின் முதலாளி. கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டிக்கொண்டிருந்தவளிடம் ஒரு படிவத்தை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து போடும்மா" என்றார். சம்பளம் ஏறப்போகிறது என்று நினைத்து அவளும் சந்தோஷமாகப் போட்டாள்.

கடையில் அவளுக்குப் பவர் அக்கா என்று பெயர். எந்தக் கண்ணாடியையும் கையில் தூக்கி, தூரத்தில் இருக்கும் கதவு நிலையை அதன் வழியே பார்த்து, லேசாக அசைத்துவிட்டு, "மைனஸ் ரெண்டே கால்" என்பாள். மெஷினில் வைத்துப் பார்த்தால் ரெண்டே காலாகத்தான் இருக்கும். இருபத்தாறு வருடப் பழக்கம். இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. எது தப்பாகப் போனாலும், அது யாரால் தப்பாகப் போனது என்பதை அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்த பிறகு சும்மா இருக்கவும் மாட்டாள்.

சங்கத்தில் இப்படிப்பட்ட ஆளுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. முதல் வருடம் பள்ளிக்கூடங்களுக்குச் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். பேட்டரி தீர்ந்தால் யார் மாற்றுவது என்று யாரும் யோசிக்கவில்லை. பதினான்கு வகுப்பறைகளில் இன்றைக்கும் மணி வெவ்வேறு நேரங்களில் நின்றுபோயிருக்கிறது. இரண்டாம் வருடம்தான் பழைய கண்ணாடித் திட்டம் வந்தது. வீட்டில் சும்மா கிடக்கும் மூக்குக் கண்ணாடிகளைப் பெட்டியில் போடுங்கள், இல்லாதவர்களுக்குக் கொடுப்போம் என்று வங்கியிலும் மருந்துக் கடையிலும் பெட்டி வைத்தார்கள். நல்ல யோசனைதான், அதை அவளும் ஒத்துக்கொள்வாள். பெட்டி நிரம்பி வழிந்தது. வழிந்ததை ஒரு சாக்கில் கட்டி அவள் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, "நீதான் பார்த்துக்கணும்" என்று முதலாளி போய்விட்டார்.

அவளும் பார்த்தாள். இரண்டு வருடம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி, காலையில் கடை திறப்பதற்கு முன் அரை மணி. கை ஒடிந்தது, மூக்குப் பிடி இல்லாதது, ஒரு பக்க லென்ஸ் மட்டும் உள்ளது என்று கழித்துக் கட்டியது போக மீதியை ஒவ்வொன்றாகப் பவர் பார்க்கும் மெஷினில் வைத்து, வலது கண் இவ்வளவு, இடது கண் இவ்வளவு என்று சின்னக் காகிதத்தில் எழுதி, கண்ணாடியின் காதுப் பக்கம் ஒட்டினாள். பிளஸ் ஒரு பெட்டி, மைனஸ் ஒரு பெட்டி, கிட்டப் பார்வை எட்டப் பார்வை இரண்டும் சேர்ந்தது ஒரு பெட்டி என்று பத்துப் பெட்டிகள். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு கண்ணாடிகள். கொடுப்பதற்கு ஒரு முகாம் நடத்த வேண்டும் என்று தலைவர் சொல்லிக்கொண்டே இருந்தார். மண்டபம் கிடைத்தால் கண் டாக்டருக்கு நேரமில்லை, டாக்டருக்கு நேரமிருந்தால் மண்டபம் இல்லை.

இந்த இரண்டு வருடத்தின் ஆரம்பத்திலேயே அவள் ஒரு விதி போட்டிருந்தாள். சங்கத்தின் துணைத் தலைவர் ஒரு நாள் பெட்டிகளைப் பார்வையிடுகிறேன் என்று வந்து, ஏழு நல்ல பிரேம்களை லென்ஸைக் கழற்றி எறிந்துவிட்டுத் தன் மைத்துனர் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். அடுத்த கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள். வங்கிக்கு மேலே இருக்கும் அந்தச் சின்ன ஹாலில் கடைசி வரிசையிலிருந்து அதுவரை இருமல் சத்தம்கூட வந்ததில்லை. "பெட்டிக்கு வந்த எந்தக் கண்ணாடியையும் முகாமுக்கு முன்னால வெளிய எடுக்கக் கூடாது. எதையும் பிரிக்கக் கூடாது. யாரா இருந்தாலும் சரி" என்றாள். துணைத் தலைவர் ஜன்னலைப் பார்த்தார். மற்றவர்கள் கைதட்டினார்கள். தலைவர் அதைத் தட்டச்சு செய்து, பெட்டிகள் இருந்த ஹால் அலமாரியில் ஒட்டினார். வாழ்க்கையில் அவள் பேசி நாலு பேர் கைதட்டியது அந்த ஒரு தடவைதான். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் தாளை ஒரு தடவை படித்துவிட்டுத்தான் திறப்பாள்.

வாட்ச்மேன் வந்ததும் அந்தச் சமயத்தில்தான். கடை இருக்கும் தெருவின் கோடியில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் முன்வாசலில் பதினெட்டு வருடமாகக் காவல் இருப்பவர். இருபது வயதிலிருந்து போட்டுக்கொண்டிருந்த கண்ணாடி கீழே விழுந்து நொறுங்கிவிட்டது என்று கண் டாக்டர் சீட்டோடு வந்தார். அவள் வாங்கிப் பார்த்தாள். வலது கண் பிளஸ், இடது கண் மைனஸ். இடது கண்ணுக்குச் சிலிண்டர் வேறு, அதாவது ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சாய்ந்து நிற்கும் பவர். புதிதாகச் செய்ய என்ன ஆகும் என்று கேட்டார். முன்னால் இருந்த விற்பனைப் பையன் சொன்ன தொகையைக் கேட்டு, "சரி தம்பி, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் படியிறங்கும்போது அவள் பின்னறையிலிருந்து ஓடி வந்து, "ஐயா, எங்க சங்கத்துப் பெட்டியில வந்தா சொல்றேன். பவரை மட்டும் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்றாள்.

அன்றிலிருந்து இரண்டு வருடமாக, மாதம் ஒரு தடவை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார். "வந்துச்சாம்மா?" என்பார். "இன்னும் இல்லைய்யா" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. ஒரு பக்கம் பிளஸ்ஸும் மறு பக்கம் மைனஸும் உள்ள கண்ணாடி வருவதே அபூர்வம். அதில் சிலிண்டரும் அதே கோணத்தில் இருக்க வேண்டும் என்றால் எங்கே போவது? ஆனாலும் மெஷினில் வைக்கும் ஒவ்வொரு கண்ணாடியிலும் முதலில் அதைத்தான் தேடினாள்.

இந்த மாத ஆரம்பத்தில் அவர் வந்தபோது உள்ளேயே வந்து நின்றார். குடியிருப்பில் ஒரு பைக் காணாமல் போய்விட்டது. வாசல் நோட்டில் அவர் எழுதிய வண்டி எண்ணில் இரண்டு எண்கள் தப்பு. மேனேஜர் கூப்பிட்டு, வருகிற முதல் தேதி எதிர்ச் சாரி போர்டைப் படித்துக் காட்டு, முடியாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். "பொண்ணு இன்னும் படிச்சுக்கிட்டு இருக்கும்மா" என்றார்.

அதற்கு நாலாவது நாள் அந்தக் கண்ணாடி வந்தது. பழுப்பு நிறப் பிரேம், மருந்துக் கடைப் பெட்டியிலிருந்து. மெஷினில் வைத்தவள் இரண்டு தடவை கழற்றி மறுபடி வைத்துப் பார்த்தாள். வலது பிளஸ், இடது மைனஸ், சிலிண்டர், கோணத்தில் ஐந்து டிகிரி மட்டும் வித்தியாசம். சிரித்துவிட்டாள். நேரே குடியிருப்பு வாசலுக்கு நடந்து போய், "வந்துடுச்சுய்யா!" என்றாள். வாட்ச்மேன் எழுந்து நின்று கும்பிட்டார். கையோடு கொடுத்திருக்கலாம். ஆனால் இந்தத் தடவை மண்டபமும் கிடைத்து, டாக்டரும் கிடைத்து, மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை முகாம் என்று முடிவாகியிருந்தது. திங்கட்கிழமைதான் முதல் தேதி. விதி போட்டவளே விதியை மீறினால் துணைத் தலைவர் என்ன பேசுவார் என்பதும் அவளுக்குத் தெரியும். "ஞாயித்துக்கிழமை முகாமுக்கு வந்து வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்து, காகிதம் ஒட்டிப் பெட்டியில் வைத்தாள்.

முகாமுக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை மத்தியானம், பெட்டிகளை ஒரு தடவை சரிபார்க்கலாம் என்று ஹாலுக்குப் போனாள். கதவைத் திறந்ததும் சோப்பு வாசனை. நீள மேசையில் வெள்ளைத் துணி விரித்து அறுநூறு கண்ணாடிகளும் பளபளவென்று வரிசையாக இருந்தன. கறுப்பு ஒரு வரிசை, பழுப்பு ஒரு வரிசை, தங்க நிறம் ஒரு வரிசை, சிவப்பும் நீலமும் ஓரத்தில். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றவர் பல் டாக்டரம்மா, சங்கத்து மகளிர் பிரிவின் தலைவி.

"வாங்க வாங்க! எப்படி இருக்கு பாருங்க!" என்றார். "ஒரே அழுக்கு, எண்ணெய்ப் பிசுக்கு. இதையா ஜனங்களுக்குக் கொடுப்போம்? நாங்க நாலு பேர் ரெண்டு நாளா உட்கார்ந்து வெந்நீர்ல ஊற வெச்சுக் கழுவினோம். கலர் வாரியா அடுக்கியாச்சு."

பவர் அக்கா ஒரு கண்ணாடியை எடுத்தாள். காதுப் பக்கம் வெறுமையாக இருந்தது. அடுத்ததை எடுத்தாள். அதுவும் அப்படித்தான்.

"இதுல காகிதம் ஒட்டியிருந்துச்சே?"

"அதை ஏன் கேக்கறீங்க! அந்தப் பசை போகவே மாட்டேங்குது. நகத்தால சுரண்டிச் சுரண்டி எடுத்தோம். என் விரலைப் பாருங்க."

"அதுலதாம்மா பவர் எழுதியிருந்தேன்."

"ஐயோ" என்றார் டாக்டரம்மா. பிறகு, "விலை ஒட்டியிருக்குன்னுல்ல நினைச்சோம்" என்றார். பிறகு கொஞ்சம் நிமிர்ந்து, "பரவாயில்லை, ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்து எது தெரியுதோ அதை எடுத்துக்கட்டும். சுத்தமாவாவது இருக்குல்ல?" என்றார்.

அவளுக்கு வாயில் வந்ததை எல்லாம் விழுங்க வேண்டியிருந்தது. அறுநூறு போனால் போகட்டும், மறுபடி பார்க்கலாம். பழுப்பு வரிசைக்குப் போய் ஒவ்வொன்றாக எடுத்துக் கதவு நிலையைப் பார்த்து அசைத்தாள். அறுபத்து மூன்று பழுப்புப் பிரேம். எதிலும் அது இல்லை. கறுப்பில் கலந்திருக்குமோ என்று அங்கேயும் தேடினாள். தங்க நிறத்திலும் தேடினாள். நெற்றியில் வியர்வை வழிந்தது.

"என்ன தேடறீங்க?"

"ஒரு பழுப்புக் கண்ணாடி. ஒரு பக்கம் பெருசா காட்டும், இன்னொரு பக்கம் சின்னதா காட்டும்."

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. "ஆமா ஆமா, அது எங்க கையிலயும் அகப்பட்டுச்சு! போட்டுப் பார்த்தேன், தலை கிர்ருன்னு சுத்திடுச்சு. எவனோ தப்பா செஞ்சிருக்கான். யாராவது ஏழைபாழை தெரியாம போட்டுக்கிட்டு மாடிப்படியில விழுந்து வெச்சா என்ன ஆகுறது? ஜோடி சேராத கண்ணாடின்னு அதை மட்டும் நானே குப்பையில போட்டுட்டேன்."

"எந்தக் குப்பையில?"

"நேத்தே லாரி வந்து எடுத்துட்டுப் போயிடுச்சே."

டாக்டரம்மா நல்லவர். அதுதான் கொடுமை. கெட்டவர்களிடம் கத்தலாம். இரண்டு நாள் வெந்நீரில் கை வைத்து விரலெல்லாம் சுருங்கிப் போய் நிற்கும் அம்மாவிடம் என்னவென்று கத்துவது? ஆனாலும் கத்தினாள். "உங்களை யாரும்மா கழுவச் சொன்னது?" என்று அவள் போட்ட சத்தம் கீழே வங்கி வரைக்கும் கேட்டிருக்கும். டாக்டரம்மா கண் கலங்கினார். அதைப் பார்த்து இவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

முதலாளியிடம் போனாள். அவர் பேனர் அச்சடிக்கக் கொடுப்பதில் மும்முரமாக இருந்தார். "விடும்மா, நல்ல மனசோடதானே செஞ்சாங்க" என்றார். இரண்டு நாள் லீவும், பவர் பார்க்கும் மெஷினும் வேண்டும் என்றாள். லீவு கொடுத்தார். மெஷினைக் கடை மூடியிருக்கும் நேரத்தில் மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். மீதி நேரம் அவள் கண்ணும் கையும்தான் மெஷின். வெள்ளி முழுக்க ஹாலில் உட்கார்ந்து கண்ணாடியைத் தூக்கி அசைத்து அசைத்துத் தோள்பட்டை கழன்றுவிடும் போல் ஆனது. முந்நூறு முடிந்தது. வாட்ச்மேனிடம் போய்ச் சொல்லத்தான் கால் வரவில்லை. குடியிருப்பு வாசலைத் தாண்ட வேண்டியிருக்கும் என்று சுற்றுவழியில் வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை காலையில் வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் லாரி ஷெட்டில் மெக்கானிக். அவள் கோபத்தை நடுவில் தடுக்கக் கூடாது என்று அனுபவத்தில் கற்றுக்கொண்டவர். டாக்டரம்மாவில் ஆரம்பித்து, முதலாளி, துணைத் தலைவர், குப்பை லாரிக்காரன் வரைக்கும் எல்லாரும் ஒரு சுற்று வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு டீயைக் கீழே வைத்தார்.

"அந்தாளுக்கு வலது கண்ணுக்கு ஏத்த லென்ஸ் உங்கிட்ட இருக்கா?"

"அது நிறைய இருக்கு."

"இடது கண்ணுக்கு?"

"அந்தப் பவர்ல ஏழெட்டு இருக்கும். கோணம்தான் வேற."

"கோணத்தைத் திருப்ப முடியாதா?"

"திருப்பி வெச்சு வெட்டினா எந்தக் கோணமும் வரும். கடையில தினம் அதைத்தானே செய்யறேன்" என்றாள். சொன்ன வாய் அப்படியே நின்றது.

"அப்புறம் என்ன?" என்றார் வீட்டுக்காரர். "எங்க ஷெட்டுல ரெண்டு செத்த வண்டியைப் பிரிச்சு ஒரு வண்டியை ஓட்ட விடறது தினம் நடக்குது. ரெண்டு கண்ணாடியைப் பிரிச்சு ஒண்ணு செய்ய வேண்டியதுதானே?"

"பிரிக்கக் கூடாதுங்க."

"யாரு சொன்னா?"

எழுந்து போய்ப் பாத்திரத்தைத் தேய்த்தாள். தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள்.

அன்று சாயங்காலம் ஹாலிலிருந்து இரண்டு கண்ணாடிகளை எடுத்துக்கொண்டு கடைப் பின்னறைக்குப் போனாள். ஒன்றிலிருந்து வலது லென்ஸ், இன்னொன்றிலிருந்து இடது லென்ஸ். சின்னதாக ஒரு வட்டப் பிரேம் எடுத்து, இடது லென்ஸைக் கோணம் பார்த்துத் திருப்பிக் குறி போட்டு, லென்ஸ் வெட்டும் மெஷினில் உரசி, ஓரம் வழித்து, மாட்டி, திருகு முடுக்கினாள். முதலாளி எட்டிப் பார்த்து, "என்னம்மா, உன் ரூலை நீயே உடைக்கறியா?" என்று சிரித்தார். "ஆமா" என்றாள். திருப்பித் திட்டுவாள் என்று காத்திருந்த முதலாளி ஏமாந்து போனார். கண்ணாடி முடிந்தபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நல்ல கூட்டம். தலைவர் பேசினார், துணைத் தலைவர் அதைவிட அதிகம் பேசினார். டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்து, பவர் அக்கா எழுதிக் கொடுத்த காகிதங்களை ஒவ்வொன்றாக ஒட்டிக் கொடுத்தார். பார்த்து முடிக்காத எண்பது கண்ணாடிகளைப் பவர் அக்கா தன் நாற்காலிக்கு அடியில் தள்ளி, யாரும் எடுக்காதபடி அதன்மேல் காலை வைத்துக்கொண்டாள்.

வாட்ச்மேன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். அவரை வாசலுக்கு அழைத்துப் போய்த் தானே மாட்டிவிட்டாள். காதுப் பக்கம் கொஞ்சம் வளைத்துச் சரி செய்தாள். அவர் எதிரே நின்ற பஸ்ஸின் எண்ணைப் படித்தார். அதற்குப் பின்னால் இருந்த தையல் கடைப் போர்டைப் படித்தார். போர்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்த தொலைபேசி எண்ணையும் விடாமல் படித்தார்.

"நாளைக்குக் கவலை இல்லைம்மா" என்றார். "அந்தப் பழுப்புக் கலர்னு சொன்னீங்களே?"

"அது போயிடுச்சுய்யா. குப்பையில போட்டுட்டாங்க. இது நான் செஞ்சது. ரெண்டு கண்ணாடியைப் பிரிச்சு ஒண்ணா சேர்த்தேன்."

"எப்போம்மா?"

"நேத்து சாயங்காலம்."

"ஒரே சாயங்காலத்துலயா?"

பொய் சொல்லியிருக்கலாம். ராத்திரி பகலாகக் கண் விழித்துச் செய்தேன் என்றால்கூட அவர் நம்பியிருப்பார். "முக்கால் மணி நேரம் ஆச்சு" என்றாள்.

வாட்ச்மேன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். இரண்டு வருடம் அவர் முகத்தில் வந்து போனதை அவளும் பார்த்தாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். கழுவினவர்களைச் சொல்லலாம், விதியைச் சொல்லலாம், வாயில் எல்லாம் தயாராக இருந்தது.

"நான்தாம்மா தப்பு பண்ணிட்டேன்" என்றார் வாட்ச்மேன். "'செஞ்சு தரீங்களா'ன்னு இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துக் கேட்டிருக்கணும். நீங்க வேலையில இருக்கீங்க, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு 'வந்துச்சா'ன்னு மட்டும் கேட்டுட்டுப் போயிட்டேன்." கும்பிட்டுவிட்டு, மத்தியான ஷிஃப்டுக்கு நேரமாயிற்று என்று கிளம்பினார். தெருவில் போகும் வண்டிகளின் எண்களை முணுமுணுத்துப் படித்துக்கொண்டே போனார்.

அவள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். வரிசையில் இன்னும் நூறு பேர் நின்றார்கள். டாக்டரம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, "என்ன ஆச்சு, யாராவது ஏதாவது சொன்னாங்களா? யாருன்னு சொல்லுங்க, நான் கேக்கறேன்" என்றார். பவர் அக்கா மண்டபத்தை ஒரு சுற்று பார்த்தாள். அழுகை வந்தது. அழுகையைவிட ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தைக் காட்ட ஒரு ஆள்கூட அகப்படவில்லை.